ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டுக் கடைகளும் ஓட்டல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் தொடங்கி ஏறக்குறைய 2 ஆண்டுகள், கடைக்குப் போகலாமா, வெளியே சாப்பிடலாமா என்பதை அரசின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். அப்போது என்ன மாறியது, அதில் எது இன்னும் இருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். தெரிந்தவரை இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சென்னை கொஞ்சம் அதிகமாக வரும். கட்டுப்பாடுகளும் அங்கேதான் அதிகம், குழப்பமும் அங்கேதான் அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளரின் உடல்நலத்துக்காக வந்த மாற்றங்கள் பெரும்பாலும் போய்விட்டன. கடைக்காரரின் செலவைக் குறைத்த மாற்றங்கள் தங்கிவிட்டன.

எது எப்போது மூடியது, எப்போது திறந்தது?

மால்களும் திரையரங்குகளும் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை உத்தரவு. மறுநாளிலிருந்து நாடு தழுவிய 21 நாள் ஊரடங்கு. அது நீண்டுகொண்டே போனது நினைவிருக்கும்.

மளிகை, காய்கறிக் கடைகளுக்கு முதலில் காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை நேரம் கொடுத்தார்கள். ஏப்ரல் 5 முதல் அது 1 மணியோடு முடிந்தது. டீக்கடைகள் அடியோடு மூடியிருந்து, மே 11 முதல் பார்சலுக்கு மட்டும் திறந்தன. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8 முதல் அனுமதி கிடைத்தது: பாதி இருக்கைகள், ஏசி கூடாது. சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் அதுவும் நிலைக்கவில்லை. ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு, மறுபடியும் பார்சல் மட்டும். மால்கள் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தன.

அப்படியென்றால் ஓட்டல்கள் முழுசாக மூடவே இல்லையா?

சட்டப்படி இல்லை. பார்சல் தொடக்கத்திலிருந்தே அனுமதிக்கப்பட்டிருந்தது. உணவு டெலிவரி ஆப்களுக்கு முதலில் தடை வந்தது. சில நாட்களிலேயே அது தளர்ந்து, காலை 7 முதல் 9.30, பகல் 12 முதல் 2.30, மாலை 6 முதல் 9 என்று வேளை பிரித்துக் கொடுத்தார்கள்.

நடைமுறையில் ஏராளமான ஓட்டல்கள் ஷட்டரை இறக்கிவிட்டன. காரணம் ஆள். சென்னை ஓட்டல்களில் தோசைக்கல் முன்னால் நிற்பவர் தென் மாவட்டத்துக்காரராக இருப்பார். மேசை துடைப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்திருப்பார்கள். முன்னவர்கள் மார்ச் கடைசியிலேயே கிடைத்த வண்டியில் ஏறிவிட்டார்கள். பின்னவர்கள் மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் கிளம்பினார்கள். தங்கியவர்களுக்குச் சாப்பாடும் இடமும் கொடுத்த முதலாளிகளும் உண்டு, கணக்கை முடித்து அனுப்பியவர்களும் உண்டு. ஜூனில் அனுமதி வந்தபோது பல ஓட்டல்களில் கல்லாவில் உட்கார முதலாளி இருந்தார், தோசை ஊற்ற ஆள் இல்லை.

மளிகைக் கடையில் சாமான் கிடைக்காமல் போனது தட்டுப்பாட்டாலா?

பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை, வருகிற வழிதான் அடைபட்டது. கிடங்கில் அரிசி இருந்தது. லாரி ஓட்டுநருக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, இறக்குகிற இடத்தில் லோடுமேன் இல்லை, மில்லில் பாக்கெட் போட ஆள் இல்லை. அதோடு, வாரம் ஒருமுறை கடைக்கு வந்து ஆர்டர் எடுக்கும் கம்பெனி சேல்ஸ்மேன்கள் நின்றுவிட்டார்கள். பிஸ்கட்டும் சோப்பும் சின்னக் கடைக்கு வந்து சேர்வதே அவர்கள் வழியாகத்தான். அவர்கள் வராததால் கடைக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு மொத்தக் கடைக்கு ஓடினார், அல்லது உடான் போன்ற மொத்த வியாபார ஆப்களில் ஆர்டர் போட்டார். பெரிய கம்பெனிகள் கடைக்காரர்களுக்கென்றே வைத்திருந்த ஆர்டர் ஆப்களும் அப்போதுதான் பழக்கத்துக்கு வந்தன.

எது விற்றது என்று பார்த்தால் பார்லே-ஜி. அந்த ஊரடங்கு மாதங்களில் இதுவரை இல்லாத விற்பனை என்று அந்த நிறுவனமே சொன்னது. நம் ஊரில் நாட்டு மருந்துக் கடைகளில் கபசுரக் குடிநீர்ப் பொடி போன வேகம் தனிக்கதை.

ரேஷனையும் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் கிடைத்தன. 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள் தொகுப்பும். 2 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கு இது போய்ச் சேர்ந்தது. அந்த மாதங்களில் மாநிலத்தின் மிகப் பெரிய மளிகைக் கடை ரேஷன் கடைதான்.

அண்ணாச்சி கடைகள் சூப்பர் மார்க்கெட்டுகளை விட நன்றாகச் சமாளித்தது எப்படி?

பக்கத்தில் இருந்தன, அது முதல் காரணம். 1 மணிக்குள் வாங்கி முடிக்க வேண்டும், வண்டி எடுத்தால் போலீஸ் நிறுத்துகிறது என்றால், தெருமுனைக் கடைக்குத்தான் போவோம்.

இரண்டாவது காரணம் கடன் நோட்டு. மாதச் சம்பளம் வராத வீட்டுக்குக் கடன் கொடுக்க எந்தச் சூப்பர் மார்க்கெட்டாலும் முடியாது. அண்ணாச்சிக்கு வீடும் தெரியும், வீட்டுக்காரருக்கு வேலை எங்கே என்பதும் தெரியும். கடையின் முன்னால் கயிறு கட்டி, ஒரு வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்து, சீட்டை வாங்கிக்கொண்டு 'ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கக்கா' என்று சொல்லி அனுப்பினார்கள். சில வாரங்களில் சீட்டு வாட்ஸ்அப்புக்கு மாறியது. கையால் எழுதிய பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினால், பையன் மூட்டையைக் கேட் வரை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவான். பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டிச் செய்த வேலையை இவர்கள் ஒரு செல்போனில் செய்தார்கள்.

எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எண்ணெயும் பருப்பும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்ற கடைகளும் இருந்தன. கடன் நோட்டில் வராமலே போன பாக்கியும் நிறைய.

கோயம்பேட்டில் என்னதான் நடந்தது?

1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து மாற்றப்பட்ட மொத்தச் சந்தை அது. காய், பழம், பூ எல்லாம் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். சென்னையின் சமையலறை முழுக்க அதை நம்பியிருக்கிறது. அதனால்தான் ஊரடங்கு வந்தும் அதை மூட யாருக்கும் மனம் வரவில்லை.

ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நான்கு நாள் எதுவும் கிடைக்காது என்றால் மக்கள் என்ன செய்வார்கள்? 25-ம் தேதி கோயம்பேட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம். கூட்டத்தைத் தடுக்க வந்த உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. அவகாசம் கொடுக்காமல் அறிவித்தது தவறு என்பது என் எண்ணம். தொற்று அதற்கு முன்பே சந்தைக்குள் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அது வணிகர் தினம் என்பது தற்செயல். அதற்குள் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பியிருந்தார்கள். அந்த மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை எகிறியது. காய்கறி திருமழிசைக்கும், பழம் மாதவரத்துக்கும், பூ வானகரத்துக்கும் போயின. திருமழிசையில் சுமார் 200 கடைகளுக்குத்தான் இடம். மழை பெய்தால் சேற்றில் மூட்டை இறக்க வேண்டும். பெருவியாபாரிகள் சமாளித்தார்கள். கோயம்பேட்டில் சில்லறையாக விற்றுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான சிறுவியாபாரிகளுக்குத்தான் போக இடமில்லை. செப்டம்பர் 28 அன்று கோயம்பேட்டில் மொத்தக் காய்கறி வியாபாரம் மீண்டும் தொடங்கியபோதும் சில்லறை விற்பனைக்கு அனுமதி இல்லை. அவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று உங்கள் தெருவுக்கு மினி வேனில் 'தக்காளி வெங்காயம்' என்று ஒலிபெருக்கி வைத்து வருகிறவர்களைப் பாருங்கள். அவர்களில் பலர் அந்த 5 மாதங்களில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். கார் ஓட்டியவர், பெயின்டர் என்று வேறு வேலையில் இருந்தவர்களும் உண்டு.

ஸ்விக்கியும் ஜொமேட்டோவும் கொரோனாவில் கொழித்தனவா?

தொடக்கத்தில் அடிதான். கடைகள் மூடியிருந்தால் அவர்கள் எதைக் கொண்டு போவார்கள்? வெளியாள் கை பட்ட சாப்பாடு என்ற பயம் வேறு. 2020 மே மாதத்தில் ஜொமேட்டோ தன் ஊழியர்களில் 13 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஸ்விக்கி 1,100 பேரை அனுப்பியது. ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி டெலிவரி ஊழியர்கள், ஒரு ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்று சொல்லிப் போராடினார்கள். நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

திருப்பம் அப்புறம்தான் வந்தது. ஓட்டலுக்குப் போய்ப் பழகியவர்கள் வீட்டிலிருந்தே ஆர்டர் போடப் பழகினார்கள். ஆப்பில் இல்லாத ஓட்டல்கள் வேறு வழியில்லாமல் ஆப்பில் சேர்ந்தன. 2021 ஜூலை 23 அன்று ஜொமேட்டோ பங்குச் சந்தைக்கு வந்தது. 76 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே 100-ஐத் தாண்டியது. அதே மாதம் தேசிய ரெஸ்டாரன்ட் சங்கம் இரு நிறுவனங்கள் மீதும், வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. சங்கத்தின் குறைகளில் முக்கியமான ஒன்று, சாப்பிடுகிறவர் யார், என்ன எண் என்பதே ஓட்டலுக்குத் தெரிவதில்லை என்பது. தினமும் வருபவரின் முகத்தைப் பார்த்ததும் 'ரெண்டு இட்லி, ஒரு வடை' என்று குரல் கொடுக்கும் சப்ளையருக்கு இப்போது ஆர்டர் எண் மட்டும்தான் தெரியும்.

ஆப்பில் விலை ஏன் கடை விலையை விட அதிகம்?

ஒரு 200 ரூபாய் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கமிஷன் ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். 25 சதவீதம் என்று வைத்தால் 50 ரூபாய் போகிறது. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 9 ரூபாய். சாதாரண ஓட்டல்கள் 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் இருப்பதால் இந்த 9 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது, அதுவும் செலவுதான். மிச்சம் 141. டப்பா, மூடி, பை, ஸ்பூன் என்று 10 ரூபாயாவது ஆகும். 131 ரூபாயில் அரிசி, எண்ணெய், கேஸ், சம்பளம், வாடகை எல்லாம் பார்க்க வேண்டும். ஆப்பில் தள்ளுபடி கொடுத்தால், அதிலும் ஒரு பங்கு ஓட்டல் தலையில்.

அதனால் ஓட்டல்காரர் ஆப்புக்குத் தனி விலைப்பட்டியல் வைக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடை பக்கத்தில்தான் என்றால் போன் போட்டுச் சொல்லிவிட்டு நீங்களே போய் வாங்குங்கள். இருவருக்கும் லாபம்.

ஜிஎஸ்டி பற்றி இன்னொன்று: 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகும் சாப்பாட்டுக்கான 5 சதவீத வரியை ஓட்டலுக்குப் பதில் ஆப் நிறுவனமே கட்டுகிறது. புதிய வரி இல்லை, கட்டுகிற கை மாறியது, அவ்வளவுதான்.

பார்சல் காலத்தில் எந்தச் சாப்பாடு ஜெயித்தது, எது தோற்றது?

ஜெயித்தது பிரியாணி. சந்தேகமே வேண்டாம். டப்பாவில் அடைத்து அரை மணி நேரம் ஆனாலும் சூடு நிற்கும். நேரம் ஆக ஆகச் சுவை கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே அண்டாவில் வைப்பதால் மாஸ்டர் ஒருவர் போதும். ஸ்விக்கி வெளியிடும் ஆண்டுப் பட்டியலில் 2020, 2021 இரண்டிலும் சிக்கன் பிரியாணிதான் முதலிடம். தெருவுக்கு ஒரு பிரியாணிக் கடை முளைத்ததும், வேலை போனவர்கள் வீட்டிலேயே அண்டா வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் விற்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

தோற்றது தோசை. கல்லிலிருந்து எடுத்த நெய் ரோஸ்ட் தட்டில் வரும்போது ஓரம் நொறுங்க வேண்டும். அதையே வாழை இலையில் மடித்து, மேலே பேப்பரைச் சுற்றி நூல் கட்டினால், வெந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, பிரிக்கும்போது இலையோடு ஒட்டிய மெத்தென்ற ஒரு பொருள் கிடைக்கும். பூரியின் கதியும் அதுதான். சில சைவ ஓட்டல்கள் பார்சல் ரோஸ்ட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுகவிட்டு, மடிக்காமல் நீள அட்டைப்பெட்டியில் காற்றுத் துளையோடு கொடுத்துப் பார்த்தன. ஓரளவு பலித்தது. காபி கதை இன்னும் மோசம். டபராவில் ஆற்றிக் குடிக்கிற காபியைக் காகிதக் கப்பில் ஊற்றி மூடி போட்டால் நுரையும் போச்சு, மணமும் போச்சு. இட்லிக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

சமையலறையிலும் ஒன்று மாறியது. நூற்றுக்கும் மேல் அயிட்டம் எழுதியிருந்த பலகைகளில் பாதி காணாமல் போனது. ஆள் குறைவு என்று சுருக்கிய மெனுவைப் பல ஓட்டல்கள் திரும்ப விரிக்கவே இல்லை. விற்காத அயிட்டத்துக்காகக் காய் நறுக்கி வைப்பது நட்டம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் கணக்கில் தெரிந்தது.

மெஸ்கள் என்ன ஆயின?

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நம்பிய மெஸ்களும், தரமணி, சோழிங்கநல்லூர், வேளச்சேரிப் பக்கம் ஐடி பையன்களை நம்பிய ஆந்திரா மெஸ்களும் ஒரே வாரத்தில் வாடிக்கையாளர்களை இழந்தன. ஐடி நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை என்றதும் பையன்கள் அறையைக் காலி செய்து ஊருக்குப் போனார்கள், ஒன்றரை ஆண்டுக்கு மேல் திரும்பவில்லை. மெஸ்ஸின் லாபம் ஒரு சாப்பாட்டில் கிடைக்கும் சில ரூபாய்தான். இலை போட்டுக் கூட்டம் சேர்ந்தால்தான் கட்டுபடியாகும். 25 சதவீதக் கமிஷன் கொடுக்க அங்கே இடமே இல்லை. வாடகை மட்டும் மாதா மாதம் ஓடியது. முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்ன கட்டட உரிமையாளர்கள் பலர். முன்பணம் தீர்ந்ததும் கடை போனது.

கடன் தவணைக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் தரும் பிரதமர் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் வந்தது. கையேந்தி பவன்களுக்கு அது உதவியது. மெஸ் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது: தெருக்கடையும் இல்லை, பெரிய ஓட்டலும் இல்லை.

அம்மா உணவகங்கள் திறந்திருந்தனவா?

ஆமாம், எல்லாம் மூடியிருந்தபோதும். 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம். சென்னையில் 400-க்கும் மேற்பட்ட உணவகங்கள்; 2020 ஊரடங்கில் சில வாரங்கள் இலவசமாகவே போட்டார்கள். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத டெலிவரி பையன்களும் செக்யூரிட்டிகளும் அங்கே வரிசையில் நின்றார்கள்.

ஜவுளிக்கடை, நகைக்கடை வியாபாரம்?

2020-ல் அட்சய திருதியை ஏப்ரல் 26. சென்னையில் முழு ஊரடங்கு தொடங்கிய அதே நாள். 2021-ல் மே 14, அதுவும் ஊரடங்குக்குள். இரண்டு ஆண்டும் நகைக்கடைகள் இணையத்திலும் போனிலும் பணம் வாங்கிக்கொண்டு, 'நகை பிறகு' என்று ரசீது கொடுத்துப் பார்த்தன. ஓரளவுதான் ஓடியது. தங்கத்தைக் கையில் வாங்கிக் கழுத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்க நம் ஆட்களுக்கு மனசு வருமா?

ஜவுளிக்கு 2020 ஜூனில் கிடைத்த அனுமதியில் பாதிப் பணியாளர்கள், ஏசி கூடாது, ஒரே நேரத்தில் 5 வாடிக்கையாளர்கள் என்றெல்லாம் நிபந்தனை. ஏழு மாடிக் கடைக்கு 5 பேர்! தீபாவளிக்கு முன்பே அதெல்லாம் தளர்ந்து, தி.நகரில் வழக்கமான நெரிசல் வந்துவிட்டது. 2021-லும் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஜூலை 31 முதல் சில நாட்கள் ரங்கநாதன் தெரு உள்ளிட்ட 9 இடங்களில் மாநகராட்சி கடைகளை மூட வைத்தது.

விற்பனைப் பெண்கள், பையன்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் தென் மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதியிலேயே தங்குபவர்கள். 2020-ல் ஊருக்குப் போனவர்களில் எல்லாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது: நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். கேரளம் 2018-லேயே செய்தது. அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போனால் கவுன்டருக்குப் பின்னால் பாருங்கள், ஸ்டூல் இருக்கும். அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

பிக் பஜார் கொரோனாவால்தான் மூடியதா?

கடன் முன்பே இருந்தது. விற்பனை நின்ற மாதங்கள் அதைத் தாங்க முடியாததாக்கின. 2020 ஆகஸ்டில், பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் குழுமம் தன் கடைகளை ரிலையன்ஸுக்கு 24,713 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. 2019-ல் குழுமத்தின் ஒரு நிறுவனத்தில் முதலீடு செய்திருந்த அமேசான், ஒப்பந்தப்படி இது கூடாது என்று வழக்குக்குப் போனது. வழக்கு சிங்கப்பூருக்கும் டெல்லிக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது பல கடைகளின் வாடகை பாக்கி நின்றது. கட்டட உரிமையாளர்களிடமிருந்து குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, 2022 பிப்ரவரியில் கடைகளை எடுத்துக்கொண்டது. தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களுக்குக் கடை மிஞ்சவில்லை. நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான நீல்கிரிஸும் இந்தக் குழுமத்திடம்தான் இருந்தது.

சின்ன ஓட்டல்கள் மூடும்போது பெரிய சங்கிலிகள் எப்படி வளர்ந்தன?

பணம் திரட்ட முடிந்தவர் பிழைத்தார். பர்கர் கிங் இந்தியா 2020 டிசம்பரில் 60 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. சந்தைக்கு வந்த அன்றே விலை இரு மடங்கைத் தாண்டியது. கேஎஃப்சி, பீட்சா ஹட் கடைகளை நடத்தும் தேவயானி 2021 ஆகஸ்டில் வந்தது. மக்கள் வெளியே சாப்பிடாத ஆண்டில் ஓட்டல் பங்கை அடித்துப் பிடித்து வாங்கினார்கள் என்றால் வேடிக்கைதான், ஆனால் கணக்கு இருந்தது. போட்டிக் கடைகள் மூடுகின்றன, நல்ல இடங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. தவிர, பீட்சாக் கடைகள் ஊரடங்குக்கு முன்பே டெலிவரிக்காகக் கட்டப்பட்டவை. வாழை இலை போட்டுப் பரிமாறும் ஓட்டலுக்கு அந்த வசதி இல்லை.

நேரக் கட்டுப்பாட்டை மீறிய கடைகளுக்கு என்ன ஆனது?

பெரும்பாலும் அபராதம், சில நாள் சீல். ஆனால் சாத்தான்குளத்தை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, அங்கே செல்போன் கடை நடத்திய தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்துச் சென்றது. காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட இருவரும் நீதிமன்றக் காவலில் அடுத்தடுத்து இறந்தார்கள். வணிகர்கள் மாநிலம் முழுக்கக் கடையடைத்தார்கள். வழக்கு சிபிஐ-க்குப் போனது, காவலர்கள் மீது கொலை வழக்கு பதிவானது.

2021 இரண்டாம் அலையில் வேறு என்ன மாறியது?

கடை நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது: மே 10 முதல் பகல் 12 வரை, 15 முதல் காலை 10 வரை, 24 முதல் மளிகைக் கடையே கிடையாது. அதற்கு முன்னால் 22, 23 தேதிகளில் எல்லாக் கடையையும் இரவு 9 வரை திறக்க விட்டார்கள். முந்தைய ஆண்டின் ஏப்ரல் 25-ஐப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், அதுவே நடந்தது. ஆனால் இந்த முறை மாற்று ஏற்பாடு இருந்தது. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் நடமாடும் காய்கறி வண்டிகளைத் தெருவுக்கு அனுப்பின. மே 31 முதல் மளிகையும் வண்டியில் வந்தது.

ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும் பழக்கம் அப்போதுதான் வந்ததா?

வேகம் அப்போது கிடைத்தது. 2020 ஏப்ரலில் யூபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 100 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் 200 கோடியைத் தாண்டியது. ரூபாய் நோட்டைத் தொடப் பயம் என்பது ஒரு காரணம்தான். 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ-க்கு வணிகரிடம் கட்டணம் இல்லை என்று ஆக்கியதும், சில்லறைத் தொல்லை ஒழிந்ததும்தான் இளநீர்க் கடை வரைக்கும் ஸ்கேன் அட்டையைத் தொங்கவிட்டன. பயம் போன பிறகும் அட்டை இருக்கிறது.

மேசையில் ஸ்கேன் செய்து பார்க்கும் மெனு என்ன ஆனது?

மால் உணவகங்களிலும் காபி ஷாப்களிலும் இருக்கிறது. நம் சைவ ஓட்டல்களில் எடுபடவில்லை. 'சூடா என்ன இருக்கு?' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லையே.

பத்து நிமிட டெலிவரியும் கொரோனா தந்ததா?

ஊரடங்கு அதற்கு விதை போட்டது என்று சொல்லலாம். 2020 ஏப்ரலில் பல ஓட்டல்கள் மூடியிருந்தபோது உணவு ஆப்கள் மளிகை கொண்டுபோய்ப் பார்த்தன. ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. 2021-ல் பிக்பாஸ்கெட் என்ற மளிகை ஆப்பை டாடா வாங்கியது, குரோஃபர்ஸ் என்ற இன்னொரு மளிகை ஆப் டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றியது, 2022-ல் ஜொமேட்டோ அதை வாங்கியது. வாடிக்கையாளர் உள்ளே வரவே முடியாத கிடங்குக் கடைகள் இவை. கண்ணாடி முகப்பு வேண்டாம், மெயின் ரோடு வாடகை வேண்டாம், விற்பனையாளர் வேண்டாம். அண்ணாச்சி கடை ஊரடங்கில் பிடித்த இடத்தை இப்போது மெல்லக் கேட்பவை இவைதான். ஓட்டுகிற பையன்களுக்காகத் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது 2023 டிசம்பரில்.

பார்சல் வாங்கச் சொந்தப் பாத்திரம் கொண்டுபோகலாமா?

தாராளமாக. 2021 ஜூனில் டீக்கடைகளைப் பார்சலுக்குத் திறந்தபோது அரசே அப்படித்தான் கேட்டுக்கொண்டது: பாத்திரம் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள் என்று. 2019 ஜனவரி 1 முதல் தடையிலிருந்த பைகள் ஊரடங்குப் பார்சலில் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டதுதான் காரணம். சாம்பாருக்குத் தூக்கு, சட்னிக்குச் சின்னக் கிண்ணம், மூடி இறுக்கமாக இருக்கட்டும். டப்பாவுக்கு 5, 10 ரூபாய் சேர்க்கும் ஓட்டலில் பில் போடும் முன்பே பாத்திரத்தைக் காட்டிவிடுங்கள். போட்ட பிறகு காட்டினால் கல்லாவில் இருப்பவர் கழிக்க யோசிப்பார்.